மாட்டின் முன் மீட்டிய யாழ்: சீனர் ஆங்கில மரபுத்தொடர் பயின்ற வரலாறு

சொல்லின் பொருளை அறிந்தவரெல்லாம் தொடரின் பொருளை அறிந்தவராகிவிடுவதில்லை. 'கம்பி' என்பதற்கும் 'நீட்டுதல்' என்பதற்கும் அகராதி கூறும் பொருளை ஐயமறக் கற்ற அயலார் ஒருவர், 'கடன் வாங்கியவன் கம்பி நீட்டிவிட்டான்' என்று கேட்டால் கொல்லன் பட்டறையைத்தான் நினைப்பார். சொற்கள் தத்தம் பொருளைத் துறந்து, ஒன்றுகூடி வேறொரு பொருளைத் தாங்கும் அந்நிலையையே மரபு என்கிறோம். தொல்காப்பியத்தின் இறுதி இயல் மரபியல் எனப் பெயர் பெற்றிருத்தல் ஈண்டு எண்ணத்தக்கது. இலக்கணத்தைக் கற்பிக்கலாம்; சொற்களைத் தொகுத்துக் கொடுக்கலாம். மரபை மட்டும் அயலார்க்கு எங்ஙனம் உணர்த்துவது? இவ்வினாவுக்கு விடை தேடி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக உழைத்தவர் சீனர். அவர்கள் ஆங்கில மரபுத்தொடர்களைப் பயின்ற வரலாறு, மொழிபெயர்ப்பிலும் கவிதையிலும் ஈடுபாடு கொண்டோர் அனைவரும் அறிந்துகொள்ளத்தக்கதாகும்.

கதை தேடும் மொழி

சீனமொழி மரபுத்தொடர் வளத்தால் மிக்கது. 'செங்யூ' எனப்படும் அதன் தொடர்கள் பெரும்பாலும் நான்கே எழுத்துகளால் ஆனவை. அந்நான்கு எழுத்துகளின் பின்னே பெரும்பாலும் ஒரு பழங்கதையோ வரலாற்று நிகழ்ச்சியோ நிற்கும். 'பாம்பு வரைந்து கால் சேர்த்தல்' என்பது அத்தகைய தொடர்களுள் ஒன்று. ஒரு கிண்ண மதுவுக்காகச் சிலர் தரையில் பாம்பு வரையும் போட்டியில் இறங்கினர். முதலில் வரைந்து முடித்தவன், நேரம் மிஞ்சியதே என்று பாம்புக்குக் கால்களும் வரைந்தான். கால் உடையது பாம்பாகாது என்று கூறி அடுத்தவன் மதுவைப் பருகிவிட்டான். போரிடும் அரசுகளின் காலத்தைச் சார்ந்த 'ஜான் குவோ ஸே' என்னும் நூல் இக்கதையைக் கூறுகிறது. மரக்கட்டையில் முட்டி ஒரு முயல் இறந்ததைக் கண்ட உழவன், உழுதொழிலைக் கைவிட்டு அக்கட்டையையே காத்திருந்த கதை ஹான் ஃபெய் என்னும் அறிஞரின் நூலில் உள்ளது. அதிலிருந்து பிறந்த 'கட்டையைக் காத்து முயலுக்கு நிற்றல்' என்னும் தொடரைச் சீனச் சிறுவர் பள்ளியிலேயே கற்கின்றனர்.

இத்தகைய பயிற்சியில் வளர்ந்த ஒருவர் ஆங்கிலத் தொடரை எதிர்கொள்ளும்போது, 'இதன் பின்னுள்ள கதை யாது?' என்று கேட்பது இயல்பே. ஆங்கிலமோ அவ்வினாவுக்குப் பல இடங்களில் விடை கூறுவதில்லை. 'வாளியை உதைத்தான்' என்றால் இறந்தான் என்பது பொருள். ஃபிரான்சிஸ் குரோஸ் 1785இல் வெளியிட்ட கொச்சைமொழி அகராதியிலேயே இத்தொடர் இடம்பெற்றுவிட்டது. ஆயினும் அவ்வாளி எது, உதைத்தவன் யாவன் என்பதில் ஆங்கில அறிஞரிடையே இன்றும் ஒருமைப்பாடு இல்லை. பெருமழையைப் 'பூனைகளும் நாய்களுமாகப் பொழிகிறது' என்பதற்கும் எல்லாரும் ஏற்ற காரணம் கிடையாது. கதையோடு கூடிய மரபிலிருந்து வந்தவர்க்குக் கதையற்ற மரபைக் கற்பிப்பதே இவ்வரலாற்றின் முதற்சிக்கல். அதனினும் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இரு மக்கள் சந்திக்கும்போது விளக்கம் கூறும் கடமை யாருடையது, விளங்கிக்கொள்ளும் கடமை யாருடையது என்பதே அது. வணிகமும் போரும் உடன்படிக்கையும் இவ்வினாவுக்கு வேறு வேறு காலங்களில் வேறு வேறு விடைகளைத் தந்தன.

காண்டன் துறைமுகத்துச் சிற்றேடுகள்

1757இல் சியென்லூங் பேரரசர் மேலைநாட்டாரின் கடல்வணிகத்தைக் காண்டன் என்னும் ஒரே துறைமுகத்துக்குள் அடக்கினார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், சீனம் கற்றிருந்த ஜேம்ஸ் ஃபிளின்ட் என்னும் ஆங்கிலேயர் வடக்கே சென்று அரசுக்கு முறையீடு அளித்தார். அவருக்கு மூன்றாண்டுச் சிறை கிடைத்தது. முறையீட்டை எழுதித் தர உதவிய சீனருக்குத் தலை போயிற்று. அயலார்க்குச் சீனம் கற்பித்தல் உயிர்க்கேடு விளைக்கும் செயலாக இருந்த அக்காலத்தில், வணிகம் நடைபெறச் சீனரே ஆங்கிலம் கற்க வேண்டியதாயிற்று.

கற்றவர் புலவர் அல்லர். கடைக்காரரும் படகோட்டிகளும் பணியாட்களுமே. அவர்கள் கையில் இருந்தவை சில தாள்களே கொண்ட மலிவுப் பதிப்புகள். ஐரோப்பியரைச் 'செம்மயிரார்' என அழைத்த அம்மக்கள், இவ்வேடுகளைச் 'செம்மயிராரின் பொதுவழக்கு அயன்மொழி' எனப் பெயரிட்டு விற்றனர். வணிகமும் எண்ணும், மாந்தரும் வழக்குச்சொல்லும், பொதுப்பேச்சு, உணவும் பல்பொருளும் என நான்கு பகுதிகளாக நானூற்றுக்கும் குறைவான சொற்கள் அவற்றில் தொகுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஆங்கில எழுத்து ஒன்றுகூட இல்லை. சீனச்சொல்லின் கீழ், ஆங்கில ஒலிக்கு நெருங்கிய ஒலியுடைய சீன எழுத்துகளை அச்சிட்டனர். காண்டன் வழக்கில் அவ்வெழுத்துகளைப் படித்தால் ஆங்கிலம் போல் ஒலிக்கும். இத்தகைய சிற்றேடு ஒன்றைப் பற்றி 1837இல் சாமுவேல் வெல்ஸ் வில்லியம்ஸ் 'சைனீஸ் ரெபாசிட்டரி' இதழில் எழுதியுள்ளார்.

இவ்வாறு பிறந்த கலப்புமொழியே 'பிட்ஜின்'. வணிகத்தைக் குறிக்கும் 'பிசினஸ்' என்னும் சொல்லே திரிந்து அப்பெயராயிற்று என்பது பெரும்பாலோர் கருத்து. ஆங்கில மரபுத்தொடர் எதுவும் இம்மொழியினுள் நுழையவில்லை. மாறாக, ஆங்கிலச் சொற்களை உடுத்திக்கொண்டு சீனத்தொடர் உலவிற்று. முடியாது என்பதற்கு 'நோ கேன் டூ', பார்வையிடு என்பதற்கு 'லுக் சீ', விரைந்து செய் என்பதற்குச் 'சாப் சாப்' என்றனர். இவற்றைக் கேட்டு நகைத்த ஆங்கிலேயர், தாமும் இவற்றையே பேசி வணிகம் செய்தனர். அம்மட்டோ? இத்தொடர்கள் நாளடைவில் ஆங்கில அகராதிகளிலேயே இடம்பிடித்தன. எள்ளி நகையாடப்பட்ட மொழி, எள்ளியவர் மொழிக்கே உரமானது.

இதே காலத்தில் அறிஞர் முயற்சியும் தொடங்கியிருந்தது. 1807இல் காண்டனுக்கு வந்த ராபர்ட் மாரிசன் என்னும் சமயப்பணியாளர் 1815 முதல் 1823 வரை தம் சீன-ஆங்கில அகராதியைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். 1818இல் மலாக்காவில் ஆங்கில-சீனக் கல்லூரி நிறுவப்படக் காரணமாக இருந்தவரும் அவரே. அங்குப் பயின்ற சீனர்க்கென 1823இல் ஓர் ஆங்கில இலக்கணமும் எழுதினார். 1840இல் ராபர்ட் தாம், தம் சீன ஆசிரியருடன் இணைந்து ஈசாப்பின் கதைகளுள் எண்பதுக்கும் மேற்பட்டவற்றைச் சீனத்தில் வெளியிட்டார். சீனம் கற்கும் அயலார்க்காக ஆக்கப்பட்ட நூல் அது. எனினும், கதை தேடும் சீன மனத்துக்கு அதனால் வேறொரு பயனும் விளைந்தது. மேலைமொழித் தொடர்கள் சிலவற்றின் பின்னும் கதை உண்டு என்பதை அஃது உணர்த்திற்று. 'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' என்று தமிழர் கூறும்போது நினைவுக்கு வரும் அதே நரியும் அதே திராட்சையும், இன்றைய சீனத்தில் 'புளித்த திராட்சை' என்னும் வழக்காக நிலைபெற்றுள்ளன.

உடன்படிக்கையின் மொழி

அபினிப் போர் 1842இல் நான்கிங் உடன்படிக்கையோடு முடிந்தது. துறைமுகங்கள் ஐந்து திறக்கப்பட்டன. இரண்டாம் போரின் இடையே எழுந்த 1858ஆம் ஆண்டுத் தியன்ஜின் உடன்படிக்கை மொழி வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். இரு நாட்டு ஆவணங்களில் பொருள் வேறுபாடு நேருமாயின் ஆங்கில வாசகமே செல்லும் என்று அதன் 50ஆம் விதி கூறியது. ஆங்கிலேயரைக் 'காட்டுமிராண்டி' எனப் பொருள்படும் எழுத்தால் அரசு ஆவணங்களில் சுட்டலாகாது என்று அடுத்த விதி தடுத்தது. காண்டனில் கடைக்காரர் கற்ற மொழி, இப்போது பேரரசின் தலைவிதியை முடிவுசெய்யும் மொழியாயிற்று. ஒரு தொடரின் பொருளைத் தவறாக உணர்ந்தால் இழப்பது ஒரு பெட்டித் தேயிலையை மட்டும் அன்று. நாட்டின் நிலத்தையும் உரிமையையும் இழக்க நேரும்.

ஆகவேதான் 1862இல் பீக்கிங்கில் 'தொங்வென் குவான்' என்னும் அரசு மொழிப்பள்ளி தோன்றியது. அதே ஆண்டில் காண்டனில் டாங் திங்ஷூ தம் ஆறு பகுதி ஆங்கில நூலை வெளியிட்டார். சமயப்பணியாளர் பள்ளியில் பயின்று, பின்னர் வணிக முகவராக விளங்கிய அவர், ஒலியோடு நில்லாமல் ஆங்கில எழுத்தையும் பொருளையும் முறைப்படக் கற்பிக்க முயன்றார்.

கலப்புமொழியைக் கண்டு வெட்கமுற்ற ஒரு தலைமுறை இதன்பின் எழுந்தது. ஷாங்காயில் ஆங்கிலேயர் பகுதிக்கும் பிரெஞ்சுக்காரர் பகுதிக்கும் எல்லையாக ஓடிய 'யாங்ஜிங்பாங்' என்னும் ஓடையின் பெயரே அரைகுறை ஆங்கிலத்துக்குப் பெயராகிவிட்டது. அந்நகரத்து மொழிப்பள்ளியில் பயின்ற யாங் சூன் என்பவர் 1873இல் 'ஷென் பாவ்' நாளேட்டில் நூறு பாடல்கள் எழுதினார். நாட்டுப்புற வழக்கிலிருந்து தாங் காலக் கவிஞர் கையாண்டு வளர்த்த 'மூங்கிற்கிளைப் பாடல்' என்னும் நான்கடி யாப்பே அவர் தேர்ந்த வடிவம். பிட்ஜின் சொற்களைச் சீன எழுத்தில் அப்படியே பாட்டினுள் வைத்து, அவற்றைப் பேசுவோரை அவர் எள்ளினார். எள்ளுவதற்காகத் தொகுத்தவையே இன்று அம்மொழியின் அரிய சான்றுகளாகிவிட்டன. மொழிப்பிழைக்கு நூறு பாடல்களில் நினைவுச்சின்னம் எழுப்பிய புலவர் பிறமொழிகளில் இருப்பது அரிது.

குவோங் கி சியூவின் தொடரகராதி

இவ்வரலாற்றின் நடுநாயகமாகக் கொள்ளத்தக்கவர், ஆங்கில உலகில் குவோங் கி சியூ என அறியப்பட்ட குவாங் சிஜாவ் ஆவார். குவாங்துங் மாநிலத்தவரான இவர் 1868இல் ஹாங்காங்கில் ஓர் ஆங்கில-சீன அகராதியை வெளியிட்டிருந்தார். 1854இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற யுங் விங்கின் பெருமுயற்சியால், 1872 முதல் 1875 வரை ஆண்டுக்கு முப்பதின்மராக 120 சீனச் சிறுவர் அமெரிக்காவுக்குக் கல்வி பயில அனுப்பப்பட்டனர். இறுதிக் குழுவோடு 1875இல் சென்றவர் குவோங். சிறுவர் அமெரிக்கக் குடும்பங்களில் தங்கினர், பந்து விளையாடினர், வீட்டுப் பேச்சிலும் தெருப் பேச்சிலும் ஆங்கிலம் கற்றனர். இலக்கண நூல் கூறாத தொடர்கள் அங்கே நாள்தோறும் அவர்கள் செவியில் விழுந்தன.

1881இல் நியூயார்க்கில் குவோங்கின் 'ஆங்கிலத் தொடர் அகராதி' வெளிவந்தது. தொள்ளாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல் அது. தனிச்சொல்லுக்குப் பொருள் கூறும் அகராதிகள் நிறைந்த காலத்தில் தொடரையே தலைச்சொல்லாகக் கொண்டு, எளிய ஆங்கிலத்தில் பொருள் எழுதி, ஒவ்வொன்றும் வழக்கில் வருமாறு எடுத்துக்காட்டு வாக்கியமும் கொடுத்தது அந்நூல். 'இத்தொடர் எங்கிருந்து வந்தது?' என்னும் வினாவை விட்டு, 'இத்தொடர் எங்கே வரும்?' என்னும் வினாவைக் கற்பவர் முன் வைத்தார் அவர். தோற்றம் விளங்காத தொடர்க்கும் பயன்பாடு விளங்கும். பயன்பாட்டை அறிந்தவன் அதனைத் தன்னுடையதாக்கிக்கொள்வான். கதையற்ற மரபுக்குக் குவோங் கண்ட விடை இதுவே.

நூலின் பிற்பகுதி இதனினும் கருதத்தக்கது. ஆங்கிலப் பழமொழிகளுக்கு அருகே சீனப் பழமொழிகளையும் அறவுரைகளையும் ஆங்கிலத்தில் தொகுத்துத் தந்தார். கிறித்து ஆண்டோடு பொருந்தச் சீன அரசமரபுகளின் காலவரிசை ஒன்றை அமைத்தார். கன்பூசியசின் வாழ்க்கைக் குறிப்பையும் இயேசுவின் வாழ்க்கைக் குறிப்பையும் ஒரே நூலில் வைத்தார். சீனர் ஆங்கிலம் கற்கவென எழுந்த நூல், அதனை அச்சிட்ட நாட்டார் சீனத்தை அறியவும் வாயில் திறந்தது. விளக்கம் கூறும் கடமையும் விளங்கிக்கொள்ளும் கடமையும் இரு பாலார்க்கும் உண்டு என்பதை வாதமின்றி உணர்த்தும் அமைப்பு அது.

காலம் அவ்வழியே செல்லவில்லை. சிறுவர் அமெரிக்கராகிவிடுவர் என்னும் அச்சம் சீன அரசில் மிகுந்தது. அமெரிக்கப் படைக்கல்விக் கூடங்களோ அவர்களுக்குக் கதவடைத்தன. நூல் வெளிவந்த அதே 1881இல் கல்விக்குழு முழுவதும் திரும்ப அழைக்கப்பட்டது. மறு ஆண்டாகிய 1882இல் சீனத் தொழிலாளர் நாட்டினுள் நுழைவதைத் தடுக்கும் சட்டத்தை அமெரிக்கா நிறைவேற்றியது. நாயகம் எனத்தக்க நூல் கைக்கு வந்தபோது, அதனைக் கொண்டு பேச வேண்டிய இரு தரப்பும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. குவோங் பின்னர்க் காண்டனுக்குத் திரும்பி 1886இல் 'குவாங் பாவ்' என்னும் நாளேட்டை நிறுவினார். 1891இல் அதிகாரிகளின் ஆணையால் அது நிறுத்தப்பட்டது. இரு நாடுகளுக்கிடையே சொல் கொண்டு பாலம் அமைத்தவர், சொந்த நாட்டிலும் தம் சொல்லுக்கு இடம் தேட வேண்டியிருந்தது.

பால்வழிப் பூசல்

1897இல் ஷாங்காயில் தொடங்கிய வணிகப் பதிப்பகம், மறு ஆண்டு ஆங்கில முதற்பாடநூல் ஒன்றை வெளியிட்டுப் பெரும்பயன் கண்டது. இந்தியப் பள்ளிச் சிறுவர்க்காக ஆங்கிலேயர் தொகுத்திருந்த பாடநூலுக்கு ஷியே ஹொங்லாய் சீனக் குறிப்பு எழுதிச் சேர்த்ததே அது. நம் நாட்டு மாணவர்க்கெனச் சமைத்த சோறு சீனப் பந்தியிலும் பரிமாறப்பட்டது எனலாம். அதே 1898இல் யென் ஃபூ தம் மொழிபெயர்ப்பு முன்னுரையில், உண்மை, தெளிவு, செம்மை என்னும் மூன்றையும் மொழிபெயர்ப்பின் அருமைப்பாடுகளாக வகுத்தார். மறுபுறம், அயன்மொழி ஒன்றும் அறியாத லின் ஷூ, பிறர் வாய்மொழியாகக் கூறக் கேட்டே நூற்றுக்கும் மேற்பட்ட மேலைப் புதினங்களைச் செவ்வியல் சீனத்தில் ஆக்கினார்.

மரபுத்தொடர் இம்மூன்று இலக்குகளையும் ஒருங்கே சோதிக்கும் உரைகல்லாகும். அதனை வெளிப்படுத்தியது 'பால்வழி' பற்றிய பூசல். 1922இல் சாவோ ஜிங்ஷென் என்பவர் செகாவின் 'வான்கா' சிறுகதையை ஆங்கில வழி மொழிபெயர்த்தார். விண்மீன் திரளைக் குறிக்கும் 'மில்கி வே' என்னும் தொடரை அவர் 'மாட்டுப்பால் வழி' என்று எழுதினார். சீனர் தொன்றுதொட்டு அதனை 'வெள்ளியாறு' என்றே வழங்கி வந்தனர். பிற்காலத்தில் சாவோ, மொழிபெயர்ப்பில் பிழை நேரினும் நடை சரளமாக இருத்தல் வேண்டும் என்னும் கருத்தை வற்புறுத்தினார். நடை கரடுமுரடாயினும் மூலத்துக்கு உண்மையாதலே வேண்டும் என்பது லூ சுன்னின் கொள்கை. 1931இல் லூ சுன் ஒரு கட்டுரை எழுதி அப்பாலை எடுத்துக் கடைந்துவிட்டார். மனிதனும் குதிரையும் கலந்த உருவத்தைச் சாவோ 'பாதி மனிதன் பாதி மாடு' என ஆக்கியதையும் அவர் விடவில்லை. குதிரையும் மாடும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்னும் பழஞ்சீன மரபுத்தொடரின் முதற்சொற்களையே கட்டுரைக்குத் தலைப்பாக்கினார். மரபுத்தொடரை அறியாதவரை மரபுத்தொடராலேயே குத்திய நயம் அது.

லூ சுன் நகைத்தது தகும். எனினும் அந்நகைப்பில் ஒரு புதிர் ஒளிந்துள்ளது. ஹீரா என்னும் தேவியின் தாய்ப்பால் வானில் சிந்தியதே அவ்வொளிப்பாதை என்பது கிரேக்கர் கதை. வெள்ளியாறு என மாற்றினால் சீனர்க்குப் பொருள் விளங்கும். ஆனால் கிரேக்கத் தாயின் பால் மறைந்துவிடும். சாவோ மாட்டைத் தவறாகச் சேர்த்தார், பாலைக் காத்தார். மூலத்தின் படிமத்தைக் காத்தமைக்காக அம்மொழிபெயர்ப்புக்குச் சார்பாகவும் பேச இடமுண்டு என்று ஷியே தியன்ஜென் 1999இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். தமிழறிந்தார்க்கு இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது கடினமன்று. சீனத்தில் நகைப்புக்குரியதாகிய அதே பால், தமிழில் 'பால்வீதி' என வந்து அமைந்துவிட்டது. அப்துல் ரகுமானின் 1974ஆம் ஆண்டுக் கவிதைத் தொகுதி அப்பெயரையே சூடிக்கொண்டது. ஒரு மொழியில் பிழையெனத் தள்ளப்பட்டது மற்றொரு மொழியில் கவிதையாகிறது. ஏற்பதும் தள்ளுவதும் அகராதியின் செயல் அல்ல. அம்மொழி மக்களின் செவி செய்யும் செயல்.

இணைத்தொடரின் இனிமையும் இடரும்

1928இல் லின் யூடாங், ஓவியர் ஃபெங் ஸிகாய் வரைந்த படங்களோடு 'கைமிங்' ஆங்கிலப் பாடநூல்களை வெளியிட்டார். தனிச்சொல்லை அன்று, வாக்கியத்தையே அலகாகக் கொண்டு பயில வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய நெறி. குவோங் அகராதியில் தொடங்கியதை லின் வகுப்பறைக்குள் கொண்டுவந்தார் என்று கூறலாம். 1949க்குப் பின்னர்ச் சில ஆண்டுகள் ரஷ்ய மொழி முதலிடம் பெற்றது. 1966இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியின்போது பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. 1977இல் நுழைவுத்தேர்வு மீண்டது. 1982இல் பி.பி.சி.யின் 'ஃபாலோ மீ' தொடர் சீனத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. கேத்தி ஃபிளவரும் ஹூ வென்ஜோங்கும் நடத்திய அப்பாடத்தின் முன் பெருந்திரளான மக்கள் அமர்ந்தனர்.

இத்தலைமுறைக்கென எழுந்த மரபுத்தொடர் நூல்கள் பெரிதும் கையாண்ட முறை இணைத்தொடர் காட்டுதல் ஆகும். ஆங்கிலத் தொடர் ஒன்றுக்கு நேரான செங்யூவைக் கொடுத்துவிட்டால் விளக்கம் சுருங்கும், நினைவில் நிற்கும். 'இரும்பு காய்ந்திருக்கும்போதே அடி', 'சுவருக்கும் காது உண்டு', 'எரியும் நெருப்பில் எண்ணெய்' என்பன இரு மொழியிலும் ஒருபடித்தாகவே அமைந்து கற்பவரை மகிழ்விக்கின்றன. மீனைப் போல் குடிப்பவனைச் சீனம் மாட்டைப் போல் குடிப்பவன் என்கிறது. 'என்னை நேசித்தால் என் நாயையும் நேசி' என்று ஆங்கிலம் கூற, 'வீட்டை நேசித்தால் அதன் கூரைமேல் அமர்ந்த காக்கையையும் நேசி' என்று சீனம் கூறுகிறது. உயிரினம் மாறினும் உள்ளக்கருத்து மாறவில்லை.

ஆயினும் எல்லா இணையும் ஒத்த எடையுடையன அல்ல. திரும்பிப் போக வழியற்ற துணிவை 'படகுகளை எரித்தல்' என்கிறது ஆங்கிலம். சீனமோ 'கலங்களை உடைத்துப் படகுகளை மூழ்கடித்தல்' என்கிறது. கி.மு. 207இல் ஜூலூ போரின்போது சியாங் யூ, ஆற்றைக் கடந்தபின் படகுகளை மூழ்கடித்ததோடு சமையற்கலங்களையும் உடைத்து, வீரர்க்கு மூன்று நாள் உணவு மட்டும் கொடுத்தான். ஆங்கிலத்தொடரில் எரிந்தது வழி. சீனத்தொடரில் வழியோடு அடுப்பும் அவிந்தது. 'காளான்போல் முளைத்தல்' என்பதற்கு இணையாகக் காட்டப்படுவது 'மழைக்குப் பிந்திய மூங்கிற்குருத்து'. காளான் விரைந்து முளைத்து விரைந்து மடிவது. தமிழிலும் மழைக்காளான் என்றால் மதிப்புக் குறைவே. மூங்கிற்குருத்தோ வானளாவ வளர்வது, ஆக்கத்தைக் குறிப்பது. இகழ்ச்சியை மொழிபெயர்க்கப் புகுந்தவர் புகழ்ச்சியைக் கொண்டுவந்து சேர்க்க இவ்விணை இடமளித்துவிடும். இணைத்தொடர் தரும் இனிமை, வேறுபாட்டை மறைக்கும் இடரும் ஆகிறது.

எதிர்த்திசைப் பயணம்

பயணம் ஒருவழிப்பட்டது அன்று. 'முதலைக் கண்ணீர்', 'பல் வரையில் படைக்கலம் பூணுதல்', 'தந்தக் கோபுரம்' முதலிய மேலைத்தொடர்கள் சீனத்தில் சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்டு இன்று இயல்பு வழக்காகியுள்ளன. சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றவையும் உள. 'முகம் இழத்தல்' என்னும் தொடர் 19ஆம் நூற்றாண்டிலேயே சீனக் கடற்கரை ஆங்கிலேயரின் வழக்கில் புகுந்தது. லின் யூடாங் 1935இல் ஆங்கிலத்தில் எழுதிய 'என் நாடும் என் மக்களும்' என்னும் நூலில் சீனரின் 'முகம்' பற்றி விரித்துரைத்தார்.

1946 ஆகஸ்டில் யெனானில் நிகழ்ந்த ஓர் உரையாடல் இவ்வகையில் நினைக்கத்தக்கது. அமெரிக்க இதழாளர் அன்னா லூயி ஸ்ட்ராங்கிடம் மாவோ 'காகிதப்புலி' என்னும் தொடரைக் கூறினார். மொழிபெயர்ப்பாளர் அதனை ஆங்கிலத்தில் சோளக்கொல்லைப் பொம்மை என்று பெயர்த்தார். அப்பொம்மை யாது என்று கேட்டறிந்த மாவோ அதனை ஏற்கவில்லை. கொல்லையில் நட்ட பொம்மை வேறு, மழையில் நனைந்தால் கரைந்துபோகும் புலி வேறு என்பது அவர் கருத்து. தம் படிமத்தை இழக்க விரும்பாத அவர், பின்னர் 'பேப்பர் டைகர்' என்னும் ஆங்கிலச் சொற்களையே தம் வாயால் ஒலித்தார் என ஸ்ட்ராங் நினைவுகூர்ந்துள்ளார். தியன்ஜின் உடன்படிக்கை எழுதப்பட்டபோது ஆங்கில வாசகமே செல்லும் எனப்பட்டது. எண்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்தபின் சீனத்தொடர் தன் உருவம் குலையாமல் ஆங்கிலத்தினுள் சென்றது.

'மூளைச்சலவை' என்று நாம் இன்று இயல்பாக வழங்கும் சொல்லும் இவ்வழி வந்ததே. சீனத்தில் 'மூளை கழுவுதல்' என இருந்ததை எட்வர்ட் ஹன்டர் 1950இல் ஆங்கிலத்தில் பரப்பினார். அங்கிருந்து அது தமிழை அடைந்தது. ஊக்கமூட்டும் வகையில் சீனர் கூறும் 'எண்ணெய் ஊற்று' என்னும் தொடரை 2018இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி தன்னுள் சேர்த்துக்கொண்டது. ஒரு காலத்தில் செம்மயிரார் மொழியைச் சீனர்க்கு விளக்கச் சிற்றேடு தேவைப்பட்டது. இன்று சீனத்தொடரை ஆங்கிலேயர்க்கு விளக்கப் பேரகராதி தேவைப்படுகிறது.

மீட்டியவன் பிழை

பன்றியின் முன் முத்துகளைப் போடுதல் என்னும் விவிலியத் தொடருக்குச் சீனர் காட்டும் இணை, 'மாட்டின் முன் யாழ் மீட்டல்' என்பதாகும். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று தமிழர் கூறுவதும் இதனோடு ஒக்கும். கேட்பவனின் அறியாமையைப் பழிக்கும் தொடராகவே இது பெரிதும் வழங்குகிறது. ஆனால் 'மோஸி' என்பார் பெயரால் வழங்கும் பழைய நூலில் உள்ள மூலக்கதை வேறு முடிவுடையது. கோங்மிங் யீ என்னும் இசைவாணன் உயர்ந்த இசையை மாட்டின் முன் மீட்டினான்; மாடு மேய்ந்துகொண்டே இருந்தது. மாட்டுக்குக் காது கேளாமை இல்லை, அவ்விசை அதன் செவிக்கு உரியதாக இல்லை என்பதை உணர்ந்தான். பின்னர்க் கொசுவின் ரீங்காரத்தையும் தாயைப் பிரிந்த கன்றின் குரலையும் நரம்பில் எழுப்பினான். மாடு வாலை வீசிக் காதுகளை நிமிர்த்தி நின்று கேட்டது.

கதை கேட்பவனைப் பழிக்கவில்லை. மீட்டுபவனுக்கு வழி கூறுகிறது. கற்பவர் நிலையறிந்து எளிய சொல்லில் பொருள் எழுதி, வாக்கியத்தில் வைத்துக் காட்டிய குவோங் கி சியூ செய்ததும் இதுவே. சொல்லை மாற்றினாலும் இசையை இழக்காத அந்த இடத்தைக் கண்டறிவதே மொழிபெயர்ப்பாளர்க்கும் ஆசிரியர்க்கும் கவிஞர்க்கும் உரிய பெரும்பணி. தம் பாட்டைப் பிறர் கேட்கவில்லை என வருந்தும் புலவர், கேட்பவரின் செவியைக் குறை கூறுமுன் அந்தக் கன்றின் குரலை ஒருமுறை தம் யாழில் தேடிப் பார்க்கலாம்.